பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்

கேள்வி: என் ஊர் மதுரை. திருமணமாகி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இருக்கிறேன். கணவர் அமெரிக்கர், அவருடைய அம்மா வழி ஜெர்மன் குடும்பம். போன கிறிஸ்துமஸ் சமயம் மாமியார் ஒரு பழைய கடிதத்தை என் கையில் கொடுத்து, "இதில் யார் யாருக்கு எழுதினார்கள் என்று எனக்கே தெரியாது, உனக்குத்தான் இதிலெல்லாம் ஆர்வம்" என்றார். 1853ஆம் ஆண்டுக் கடிதம். ஜெர்மன் தெரிந்த தோழி ஒருத்தி பாதிதான் படிக்க முடிந்தது. மேலே ஊர் 'நொய்ஹவுசன்'. தேதி '14, 7பெர்' என்று இருப்பதால் ஜூலை என்று எடுத்துக்கொண்டோம். எழுதியவர் அண்ணனா அக்காவா என்று தெரியவில்லை. அப்பா போன மார்ட்டின் திருநாளன்று இறந்துவிட்டார், தங்கைக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் ஆகிவிட்டது, தம்பி டூட்லிங்கன் போய்ச் சீட்டெடுத்துப் பட்டாளத்திலிருந்து தப்பிவிட்டான், உருளைக்கிழங்கு இந்த வருடமும் அழுகிப்போனது, உன் பங்குக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பு என்று செய்திகள். எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று மாமியார் சொல்கிறார். இணையத்தில் அந்தப் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கான பேர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் கையில் இருப்பது அருமையான கடிதம். இந்தத் தேடலில் இறங்குகிற பெரும்பாலானவர்களிடம் ஒரு பெயரும் 'ஜெர்மனி' என்கிற ஒரு சொல்லும்தான் இருக்கும். உங்களிடம் ஊர் இருக்கிறது, சாவு இருக்கிறது, சொத்துப் பிரிவினை இருக்கிறது. தோழி படித்த பாதியிலேயே குடும்பத்தை அடையாளம் காண வேண்டிய அளவுக்குச் செய்தி இருக்கிறது என்பது என் கணிப்பு. இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ஜெர்மன் வம்சாவளித் தேடலில் பெயர் கடைசியில்தான் உதவும். முதலில் வேண்டியது ஊர்.

காரணம் இதுதான். உங்கள் குடும்பத்தவர் கப்பலேறியபோது ஜெர்மனி என்று ஒரு நாடு இல்லை. 1871இல்தான் அது ஒரே பேரரசானது. அதற்கு முன் பிரஷ்யா, பவேரியா, வியூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன் என்று முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்சி, தனித்தனிச் சட்டம், தனித்தனிப் பதிவு முறை. நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவு 1876 ஜனவரி முதல்தான் வந்தது. 1853இல் உங்களவர்களின் பிறப்பும் திருமணமும் சாவும் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் மட்டும்தான் எழுதப்பட்டன. ஊர் தெரியாவிட்டால் எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

அமெரிக்கக் கணக்கெடுப்பைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 1860இல் 'வியூர்ட்டம்பெர்க்' என்று எழுதிய ஆளுக்கே 1880இல் 'ஜெர்மனி' என்று இருக்கக்கூடும். ஹானோவரை 1866இல் பிரஷ்யா விழுங்கிவிட்டதால், ஹானோவரில் பிறந்தவர் அடுத்த கணக்கெடுப்பில் பிரஷ்யாக்காரர் ஆகியிருப்பார். ஆள் மாறவில்லை, எல்லைதான் மாறியது.

கடிதத்துக்கு வருவோம். தேதியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் தவறு இருக்கிறது. '7பெர்' என்றால் ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. அதனால் அந்தக் காலத்தவர் செப்டம்பரை '7பெர்' என்றும், அக்டோபரை '8பெர்' என்றும், நவம்பரை '9பெர்' என்றும் சுருக்கி எழுதினார்கள். இந்த ஒரு சுருக்கத்தால் எத்தனையோ குடும்ப மரங்களில் தேதிகள் இரண்டு மாதம் நகர்ந்து கிடக்கின்றன. உங்கள் கடிதமே இதற்குச் சாட்சி சொல்கிறது: அந்த வருட உருளைக்கிழங்கு அழுகிப்போன கணக்கைக் கிழங்கு தோண்டுகிற செப்டம்பரில்தான் இவ்வளவு உறுதியாக எழுத முடியும்.

அடுத்தது எழுத்து. உங்கள் தோழிக்குப் பாதி புரியாமல் போனதில் வியப்பில்லை. இன்றைய ஜெர்மானியர்களிலும் பெரும்பாலோர் இதைப் படிக்க முடியாது. இது குரென்ட் என்னும் பழைய கையெழுத்து முறை. 1941இல் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இணையத்தில் பலரும் இதைச் 'சூட்டர்லின்' என்று சொல்வார்கள்; சூட்டர்லின் 1911இல் உருவாக்கப்பட்டுப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த எளிய வடிவம். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு 1853ஆம் வருடக் கடிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். குரென்ட் அட்டவணையையே தேடி எடுங்கள்.

நான் இந்த எழுத்தைக் கற்றது தரங்கம்பாடியிலிருந்து ஹாலே நகரத்துக்குப் போன பழைய மிஷன் கடிதங்களைப் படிப்பதற்காக. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியதிலிருந்து ஜெர்மன் மிஷனரிகள் நம் கடற்கரையிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் ஹாலேயின் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டு வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கும் குரென்ட் படிக்கத் தெரிவது பெரிய சொத்து. அதனால் நீங்கள் இதில் செலவிடும் நேரம் ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடாது.

குரென்டில் 'இ' எழுத்து பார்வைக்கு 'என்' மாதிரியே இருக்கும். 'யு' எழுத்துக்கும் 'என்' எழுத்துக்கும் வேறுபாடு, 'யு'வின் தலைக்கு மேலே போடுகிற சின்ன வளைவு மட்டும்தான். சொல் நடுவில் வரும் 'எஸ்' நீண்டு கீழே இறங்கி 'எஃப்' மாதிரி ஏமாற்றும். சொல் முடிவில் வரும் 'எஸ்' வேறு வடிவம். 'எம்' அல்லது 'என்' மேல் கோடு இருந்தால் அந்த எழுத்தை இரட்டிக்க வேண்டும். இவற்றைத் தெரிந்துகொண்டு, தோழி உறுதியாகப் படித்த சொற்களிலிருந்து இந்தக் கை எப்படி எழுதுகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு தெரியாத சொற்களுக்குப் போங்கள். ஒரு பக்கம் தாண்டியதும் கை பிடிபட்டுவிடும். இன்னொன்று: அந்தக் காலத்தில் ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் மட்டும் குரென்டில் எழுதாமல் லத்தீன் எழுத்தில் எழுதும் வழக்கம் பலரிடம் இருந்தது. மற்ற வரிகளோடு ஒட்டாமல் நமக்குப் பழகிய ஆங்கில எழுத்துச் சாயலில் ஒரு சொல் தெரிந்தால், அது பெரும்பாலும் பெயர்தான்.

இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'டிரான்ஸ்க்ரிபுஸ்' என்கிற மென்பொருள் குரென்ட் கையெழுத்தை ஓரளவு படித்துக் கொடுக்கும். அதை முதல் வரைவாக வைத்துக்கொள்ளலாம். பெயர்களில் அதை நம்பாதீர்கள். பென்சில்வேனியாவில் பெத்லஹேம் நகரத்து மொரேவியக் காப்பகம் ஜெர்மன் கையெழுத்துப் பயிற்சி நடத்துகிறது. அமெரிக்காவிலேயே இருக்கும் உங்களுக்கு அது எட்டாத இடமில்லை. எப்படிச் செய்தாலும், முதலில் ஜெர்மனிலேயே எழுத்துக்கு எழுத்து படியெடுங்கள், மொழிபெயர்ப்பு பிறகு. மொழிபெயர்ப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் சின்னச் செய்திகளை இழந்துவிடுகிறார்கள். இந்தக் கடிதத்தின் உயிரே அந்தச் சின்னச் செய்திகளில்தான் இருக்கிறது.

நொய்ஹவுசன் என்ற பெயரில் ஜெர்மனியில் பல ஊர்கள் உண்டு. தென்மேற்கில் மட்டுமே எஸ்லிங்கன் பக்கம் ஃபில்டர் சமவெளியில் ஒன்று, உராக் வட்டத்தில் எர்ம்ஸ் ஆற்றங்கரையில் ஒன்று, டூட்லிங்கன் வட்டத்தில் 'ஓப் எக்' என்ற அடைமொழியுடன் ஒன்று. சொந்த ஊருக்கு யாரும் அடைமொழி போட்டு எழுத மாட்டார்கள் என்பதால் கடிதத் தலைப்பு நமக்குத் தீர்ப்பு சொல்லாது. தீர்ப்பு சொல்வது கடிதத்தில் வரும் தம்பி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்குவது அந்தந்த வட்டத் தலைநகரத்தில், ஓபராம்ட் என்னும் வட்ட அலுவலகப் பொறுப்பில். எஸ்லிங்கன் வட்டத்துப் பையனாக இருந்தால் எஸ்லிங்கனுக்கும், உராக் வட்டத்தவனாக இருந்தால் உராக்குக்கும் போயிருப்பான். இவன் டூட்லிங்கன் போயிருக்கிறான். ஆகவே நாம் தேட வேண்டியது நொய்ஹவுசன் ஓப் எக்.

தங்கையின் திடப்படுத்தலும் இதோடு பொருந்துகிறது. மூலத்தில் 'கொன்ஃபிர்மாட்சியோன்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது லுத்தரன் குடும்பங்களின் சொல். கத்தோலிக்கர்கள் 'ஃபிர்முங்' என்பார்கள். ஃபில்டரில் உள்ள நொய்ஹவுசன் கத்தோலிக்க ஊர், 'ஓப் எக்' ஊர் லுத்தரன் ஊர். லுத்தரன் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பதினான்கு வயதில் திடப்படுத்தல் நடக்கும். ஆக, தங்கை பிறந்தது 1839ஐ ஒட்டி. சீட்டெடுக்கிற வயது இருபது, இருபத்தொன்று. தம்பி பிறந்தது 1832ஐ ஒட்டி. மார்ட்டின் திருநாள் நவம்பர் 11. கடிதம் செப்டம்பர் 1853 என்றால் அப்பா இறந்தது 1852 நவம்பர் 11. ஒரு சாவின் தேதி, இரண்டு பிள்ளைகளின் வயது. இந்த மூன்றும் ஒரே வீட்டில் பொருந்துகிற குடும்பம் ஒரு சிற்றூரில் இரண்டு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை, ஆளைப் பிடித்துவிடலாம்.

ஊர் வியூர்ட்டம்பெர்க்கில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அந்த அரசில் 1808 முதல் ஒவ்வொரு தேவாலயமும் குடும்பப் பதிவேடு வைக்க வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம்: மேலே கணவன் மனைவி, அவர்கள் பிறந்த நாள், பெற்றோர் பெயர், மணநாள், கீழே பிள்ளைகள் வரிசையாக. ஊரை விட்டுப் போன பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் 'அமெரிக்காவுக்கு' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். உங்கள் குடும்பத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்தால் மூன்று தலைமுறை ஒரே பார்வையில் கிடைத்துவிடும். வியூர்ட்டம்பெர்க்கின் லுத்தரன் பதிவேடுகள் ஆர்க்கியோன் என்ற கட்டணத் தளத்தில் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி தளங்களிலும் தேடலாம். அட்டவணையில் பெயர் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த அட்டவணையைத் தயாரித்தவருக்கும் குரென்ட் தகராறு செய்திருக்கும். 1852 நவம்பர் இறப்புப் பக்கத்தை நேரே திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

இனி, கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி: 'உன் பங்குக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பு.' வியூர்ட்டம்பெர்க்கின் பெரும்பகுதியில் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கம். பெண்களுக்கும் பங்குண்டு. தலைமுறைக்குத் தலைமுறை வயல் துண்டு துண்டாகி, ஒரு வீட்டுக்குச் சோறு போடாத அளவுக்குச் சுருங்கியது. அதன் மேல் 1840களில் உருளைக்கிழங்கு நோயும் விளைச்சல் இழப்பும் சேர்ந்துகொண்டன. 1850களின் முதல் பாதியில் தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து அவ்வளவு பேர் கிளம்பியது இதனால்தான். உங்கள் கடிதத்தின் கிழங்கு வரியும் பங்கு வரியும் அந்தப் பெருங்கதையின் இரண்டு பாதிகள்.

அந்த அரசில் ஒருவர் மணமுடிக்கும்போதும் இறக்கும்போதும் அவருடைய சொத்தைப் பட்டியல் போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. நிலம், வீடு, மாடு என்பதோடு நிற்காமல் படுக்கை விரிப்பு, பானை, கரண்டி, சட்டை, வேத புத்தகம் வரை எழுதுவார்கள். 'இன்வென்டூரென் உண்ட் டைலுங்கன்' என்று அந்தக் கட்டுகளுக்குப் பெயர். 1852 நவம்பரில் இறந்த அப்பாவுக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாராகியிருக்க வேண்டும். வாரிசுகள் வரிசையில் 'அமெரிக்காவில் இருப்பவர்' என்ற குறிப்போடு உங்கள் மாமியாரின் முன்னோர் இருப்பார். அவர் அனுப்பிய அதிகாரப் பத்திரமே கட்டில் தைத்து வைக்கப்பட்டிருக்கவும் கூடும். அது கிடைத்தால் அவருடைய கையெழுத்தும் கிடைக்கும். இவை பெரும்பாலும் ஊராட்சிக் காப்பகங்களில் இருக்கின்றன, இணையத்துக்கு வந்தவை குறைவு. ஊராட்சிக்குச் சுருக்கமாக, ஜெர்மனில், இறந்தவர் பெயரையும் தேதியையும் மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். முழுக் குடும்ப வரலாற்றையும் கேட்டால் பதில் வராது. ஒரு தாளைக் கேட்டால் வரும்.

முறைப்படி அனுமதி வாங்கிப் போனவர் என்றால் குடியுரிமை துறப்புக் கோப்பும் இருக்கும். வெளியேறுகிறவர் விட்டுப் போகும் கடனுக்கு ஒரு வருடம் பொறுப்பேற்க உள்ளூரில் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஜாமீன்தாரர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர். பாடன் வியூர்ட்டம்பெர்க் மாநிலக் காப்பகம் தென்மேற்கிலிருந்து வெளியேறியவர்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது, கட்டணமில்லை. பட்டாளத்துக்குப் பயந்து சொல்லாமல் போனவர்களின் பெயர் அதில் இல்லாமலும் போகலாம்.

எல்லிஸ் தீவுக் கதையை மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அந்தத் தீவு திறந்தது 1892இல். அதற்கு முன் நியூயார்க்கில் இருந்த காசில் கார்டன் நிலையமே 1855இல்தான் தொடங்கியது. உங்களவர் 1853க்கு முன்பே வந்துவிட்டார். எல்லிஸ் தீவு அதிகாரிகளும் பெயரை மாற்றியவர்கள் இல்லை. கப்பலேறும் இடத்தில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியது அக்கம்பக்கமும் பள்ளி வாத்தியாரும் கணக்கெடுப்புக்கு வந்தவரும், பல நேரம் அந்தக் குடும்பமும்தான். ஷ்மிட் ஸ்மித் ஆவார், முல்லர் மில்லர் ஆவார், சிம்மர்மன் கார்பென்டர் ஆவார். முதற்பெயரிலும் கவனம் வேண்டும். ஒரே வீட்டில் நான்கு பையன்களுக்கும் யோகான் என்று ஞானஸ்நானப் பெயர் தொடங்கும்; கூப்பிடுவது இரண்டாவது பெயரால். பதிவேட்டில் யோகான் கியோர்க், வீட்டில் யோர்க், சின்சினாட்டியில் ஜார்ஜ், மூவரும் ஒருவரே.

கப்பல் பட்டியலில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850 முதல் இருக்கின்றன, ஊர்ப்பெயரோடு. பிரெமன் பட்டியல்களில் பழையவை இடமில்லை என்று அழிக்கப்பட்டன. தென்மேற்குக்காரர்கள் நிறையப் பேர் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஏறினார்கள். அமெரிக்கப் பருத்தி ஏற்றி வந்த கப்பல்கள் திரும்பும்போது ஆட்களை ஏற்றின. நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, மிசிசிப்பியிலும் ஒஹையோ ஆற்றிலும் நீராவிப் படகில் ஏறி சின்சினாட்டி வந்து சேரலாம். அதனால் நியூயார்க் பட்டியலில் இல்லையென்றால் நியூ ஆர்லியன்ஸைப் பாருங்கள். அமெரிக்கப் பட்டியல்களில் சொந்த ஊர் பெரும்பாலும் இருக்காது.

உங்கள் ஊரிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஹாமில்டன் கவுன்டி நீதிமன்றம் 1884 கலவரத்தில் எரிந்தது. பழைய ஆவணங்கள் ஏராளமாகப் போயின. திருமணப் பதிவோ குடியுரிமைப் பதிவோ அங்கே கிடைக்கவில்லையென்றால் மனம் தளராமல் தேவாலயத்துக்குப் போங்கள். 'ஓவர் தி ரைன்' பகுதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓடிய கால்வாயை ஜெர்மானியர்கள் ரைன் நதி என்று அழைத்ததால் வந்த பெயர் அது. அந்தப் பகுதி ஜெர்மன் சபைகளின் பாதிரியார்கள் அரசு எழுத்தர்களைவிட அக்கறையானவர்கள்: திருமணப் பதிவிலும் அடக்கப் பதிவிலும் 'வியூர்ட்டம்பெர்க், நொய்ஹவுசன்' என்று ஊரையும் சேர்த்து எழுதிவைப்பார்கள். கடிதத்தை வைத்து நாம் போட்ட கணக்கு சரியா என்று அங்கே உறுதி செய்துகொள்ளலாம். 1845இல் தொடங்கிய ஸ்பிரிங் குரோவ் கல்லறையின் பதிவுகளை இணையத்திலேயே தேட முடியும். நகரில் வெளிவந்த 'ஃபோல்க்ஸ்பிளாட்' போன்ற ஜெர்மன் நாளிதழ்களின் மரண அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும்.

கடிதத்தில் வரும் வேறு பெயர்களை, 'இன்னாரும் உனக்கு வணக்கம் சொன்னார்' என்கிற மாதிரி வரிகளை, ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகத்தான் போனார்கள், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியேறினார்கள், ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் ஞானப்பெற்றோராக நின்றார்கள். உங்கள் முன்னோர் பிடிபடாவிட்டாலும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பிடிபடுவார். வெளி மடிப்பில் முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் உறை அரிது. தாளையே மடித்து முத்திரை வைத்து மேலே முகவரி எழுதுவார்கள். யாருடைய கடை மூலமாகக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் அது பெரிய துப்பு.

கடிதத்துக்கு லேமினேஷன் செய்யாதீர்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் நாலு பக்கமும் படமெடுத்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் மடிப்பை விரித்து வையுங்கள். படத்தை வாஷிங்டனில் உள்ள ஜெர்மன் வரலாற்று நிறுவனத்துக்குக் காட்டுங்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த இதுபோன்ற குடும்பக் கடிதங்களைத் தொகுக்கும் திட்டம் அவர்களிடம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குப் போன கடிதங்களின் பெரிய தொகுப்பு கோதா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கிறது. உங்களவர் எழுதிய பதில் அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் அப்பாவின் சாவைச் சொல்கிறது, பங்கைக் கேட்கிறது. அதற்குப் பின்னும் கடிதங்கள் வந்திருக்க வேண்டும். பணம் அனுப்பியதும் பெற்றதும் எழுதாமல் இருந்திருக்க மாட்டார்கள். அவை குடும்பத்தின் வேறு கிளைகளிடம் போயிருக்கலாம். மாமியாரின் சகோதர சகோதரிகள், பெரியம்மா சித்தி பிள்ளைகள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவேடுகள் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். குடும்பப் பதிவேட்டின் பக்கம் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். படிக்க முடியாத வரிகளைச் சேர்ந்து படிக்கலாம்.